ஏழாம் நம்பர் ஜெயித்த கதை

தங்கை: ...இன்னொரு தடவை சொல்றேன், அப்புறம் பேச்சு மாறக் கூடாது. நீ சொல்ற குதிரை ஜெயிச்சா ஸ்கூல் வேன் சாவி உன்கிட்டயே இருக்கும். தோத்தா என் கைக்கு வரணும்.

அண்ணன்: வரும். ஆனா ஜெயிச்சா, “வேனை விட்டுடு, கண் டாக்டரைப் பாரு”ன்னு இனிமே ஒரு வார்த்தை உன் வாய்ல வரக் கூடாது.

தங்கை: வராது. ஒரே மாசத்துல மூணு இடி. கேட் தூண், மரம், பால் வண்டி...

அண்ணன்: பால் வண்டி தானா வந்து இடிச்சுது.

தங்கை: நின்னுக்கிட்டிருந்த பால் வண்டி!

அண்ணன்: உன் பொண்ணு தினம் என் வேன்ல தானே போறா? அவளைக் கேளு, மாமா எப்படி ஓட்டறாருன்னு. முன் சீட்டை யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டா.

தங்கை: கேட்டேன், கேட்டேன்... சரி, குதிரையைக் காட்டு.

அண்ணன்: இந்த வேலிகிட்ட வா. ரேசுக்கு முன்னாடி இப்படித்தான் வட்டமா நடத்திக் காட்டுவாங்க. விவரம் இல்லாதவன் எதுக்கு எவ்வளவு பணம்னு போட்டிருக்கிற அந்தப் பலகையைப் பார்ப்பான். நான் குதிரையைத்தான் பார்ப்பேன். உஷ்... பேசாதே. கேளு.

தங்கை: பார்ப்பேன்னுட்டு கேளுங்கறியே?

அண்ணன்: நடையைக் கேளுடி. டக்... டக்... டக்... டக். நாலு காலுக்கும் ஒரே இடைவெளி இருக்கணும். ஒரு கால்ல வலி இருந்தா அதை மட்டும் பூப்போல வைக்கும், தாளம் நொண்டும். இப்போ போகுதே, இது சுத்தமான நடை. இது எந்த நம்பர்? நீயே சொல்லு. உன்னைச் சோதிக்கிறேன்.

தங்கை: ஏழு. கறுப்புக் குதிரை. மேல இருக்கிறவன் சிவப்புச் சட்டை.

அண்ணன்: அதேதான்! என் கறுப்பி!

தங்கை: அது கண்ணுக்கு ரெண்டு பக்கமும் என்னண்ணே, கிண்ணம் கவுத்த மாதிரி?

அண்ணன்: கண்மறைப்பு. குதிரைக்குக் கண்ணு ஓரத்துல இருக்கா, பின்னாடி வர்றதுகூடத் தெரியும். பக்கத்துல ஒண்ணு வந்தா மிரளும். இதை மாட்டினா நேரா மட்டும் பார்க்கும்.

தங்கை: உனக்கு மாட்டினவங்க நேராவும் சேர்த்து மறைச்சுட்டாங்க போல. கேட் தூண் நேராத்தானே இருந்துச்சு?

அண்ணன்: வாயாடி... அந்தச் சேணத்தைப் பார்த்தியா? அதுல ஈயத் தகடு சொருகியிருப்பாங்க. போன ரேஸ்ல நல்லா ஓடின குதிரைக்கு அதிக பாரம், சோப்ளாங்கிக்குக் கம்மி. அப்போதான் எல்லாம் ஒண்ணா வந்து முட்டும், பார்க்க விறுவிறுப்பா இருக்கும்.

தங்கை: நல்லா உழைக்கிறது முதுகுலயே இன்னும் ஏத்தறதா? நம்ம வீட்டு வழக்கமாச்சே. யார் சொல்லிக் கொடுத்தா இவங்களுக்கு?

அண்ணன்: சரி சரி. நீ போய் மேல் படியில இடம் பிடி. நான் டீ வாங்கிட்டு வரேன்.

தங்கை: ம்... போ, போ.

அண்ணன்: ...ஏய், எங்கடி இருக்கே?

தங்கை: உன் முன்னாடிதாண்ணே. கையாட்டிக்கிட்டே நிக்கறேன்.

அண்ணன்: இந்தக் கூட்டத்துல எங்க தெரியுது?

தங்கை: கூட்டம் எல்லாம் கீழே. இந்த வரிசையில நம்ம ரெண்டு பேர்தான். அதை இப்படிக் கொடு, பாதி டீ உன் சட்டை குடிச்சிருச்சு.

அண்ணன்: நான் அங்க நின்னப்போ ஏதோ அறிவிச்சாங்களே? அந்தப் பக்க ஒலிபெருக்கி கொரகொரன்னு ஒண்ணும் புரியல.

தங்கை: என்னவோ சொன்னாங்க. நான் இன்னைக்குத்தானே வந்திருக்கேன்? நீதான் எல்லாம் விளக்கணும்.

அண்ணன்: அதெல்லாம் கண்ணு இல்லாதவனுக்கு. என்கிட்டதான் தொலைநோக்கி இருக்கே... மணி அடிச்சாச்சு! கிளம்பிடுச்சு!

தங்கை: எங்கண்ணே நம்ம ஏழு?

அண்ணன்: நடுவுல. உள்வேலியை ஒட்டிப் போகுது. கெட்டிக்காரப் பய! வெளிப்பக்கமா சுத்தினா வளைவுல அதிக தூரம் ஓடணுமில்ல?

தங்கை: சிவப்புச் சட்டை தெரியுதா?

அண்ணன்: பளிச்சுன்னு!

தங்கை: அடிக்கறானா?

அண்ணன்: இப்போவே அடிச்சா கடைசியில மூச்சு நின்னுடும். வளைவு தாண்டட்டும்... தாண்டிடுச்சு... இப்போ எடுத்தான் பாரு சாட்டையை! வாடி கறுப்பி! வாடி என் தங்கம்!

தங்கை: முன்னாடி வந்துடுச்சா?

அண்ணன்: ஒரு தலை முந்துது... ஒரு கழுத்து... போடு! கேட்டியா, கூட்டம் எப்படிக் கத்துதுன்னு? ஜெயிச்சாச்சு!

தங்கை: ஏழா? நல்லாப் பார்த்தியா?

அண்ணன்: இந்த ரெண்டு கண்ணால! அரை டிராயர் போட்ட வயசுலேர்ந்து இதே படியில நின்னு பார்க்கறவன்டி நான். தோத்தேன்னு ஒத்துக்கோ.

தங்கை: ஒத்துக்கறேன், உன் கறுப்பி அதிசயப் பிறவிதான். நீ டீக்குப் போனப்போ அது கிளம்பற கூண்டுக்குள்ள நுழைய மாட்டேன்னு எகிறி, சிவப்புச் சட்டைக்காரனைக் கீழே தள்ளிடுச்சு. இந்த ரேஸ்ல ஏழு ஓடாதுன்னு அறிவிச்சுட்டு லாயத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்க நின்னு புல்லு தின்னுக்கிட்டே இங்க ஜெயிச்சிருக்கு!

அண்ணன்: ...வெயில்ல கண்ணு கூசிடுச்சு.

தங்கை: காலையிலேர்ந்து ஒரே மேகம்.

அண்ணன்: ஓடாத குதிரை எப்படித் தோக்கும்? பந்தயமே செல்லாது.

தங்கை: குதிரை தோக்கலண்ணே.

அண்ணன்: வாரம் பூரா அந்தப் பசங்க போடற கூச்சல். லீவு நாள்ல இந்தக் குளம்புச் சத்தம். இதை விட்டா எனக்கு என்னடி இருக்கு?

தங்கை: குளம்புச் சத்தத்துக்கு நானே கூட்டிட்டு வரேன். டாக்டர்கிட்டயும்தான். சாவியைக் கொடு.

அண்ணன்: ...இந்தா.

தங்கை: இது உன் வீட்டுச் சாவி.

அண்ணன்: தெரியும். உன்னைச் சோதிச்சேன்.

தங்கை: பாஸாயிட்டேன். வேன் சாவி.

அண்ணன்: ...பிடி. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவ நீ. இன்னைக்கு வலிய வந்து பந்தயம் கட்டினே. யாருடி உன்கிட்ட போட்டுக் கொடுத்தது?

தங்கை: யாரும் போட்டுக் கொடுக்கலண்ணே. முன் சீட்டு உனக்கு மட்டும் ஏன்டின்னு நேத்து என் பொண்ணைக் கேட்டேன். அவ பெருமையாத்தான் சொன்னா... “சிக்னல்ல நான் பச்சைன்னு சொன்னாத்தாம்மா மாமா வண்டியையே எடுப்பாரு.”