பயறளவு தக்கை

குடுவைச் செடி வாங்குகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, அதற்கு நல்ல மண் போடுவது. கறுப்பாக, உதிரியாக, எரு மணக்கிற மண்ணைத் தேடிப் பிடித்துப் போடுவார்கள். கொஞ்ச நாளில் செடி கருகிப்போகும். என்ன குறை வைத்தோம் என்று என்னிடம் வந்து நிற்பார்கள். குறை வைக்காததுதான் குறை என்பேன்.

அதோ, உங்கள் ஜன்னலோரத்துச் செடிக்கும் அதே கதிதான். உள்ளே வந்ததிலிருந்து என் கண் அதன் மேலேயே இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். நீங்கள் என் தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். முதலிலிருந்து வருகிறேன், எழுதுகிற உங்களுக்கும் வசதி.

இந்தச் செடி பிறந்த இடத்தில் மண்ணில் ஒன்றுமே கிடையாது. மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் அது இலை நுனியைக் குடுவையாக வளைத்துத் தொங்கவிட்டது. மூடிக்கு அடியில் தேன், விளிம்பில் வழுக்கல், அடியில் கொஞ்சம் நீர். எறும்போ குளவியோ தானாக வரும், தானாக விழும். செடி யாரையும் துரத்துவதில்லை, பிடிப்பதில்லை. சாப்பாடு மேலிருந்து கிடைத்துவிடுவதால் வேருக்கு வேண்டியது ஈரமும் காற்றும் மட்டும். வேருக்கு உரம் காட்டினால் சுட்டுவிடும். தப்பிப் பிழைத்தாலும் குடுவை விடாது. வயிறு நிறைந்தவள் எதற்கு அடுப்பு மூட்டுவாள்? ஆகவே இந்தக் கலவையில் எதைச் சேர்க்கிறோம் என்பது பெரிதில்லை. எதைச் சேர்க்காமல் விடுகிறோம் என்பதுதான் வித்தை.

நானும் தங்கையும் கண்ணாடிக் கூடத்தில் இந்தச் செடிகளை மட்டுமே வளர்த்தோம். கலவை என் பொறுப்பு, கடை அவள் பொறுப்பு. சிரித்த முகம். வந்தவர் வெறுங்கையோடு போக மாட்டார். யாராவது வாடிய செடியைத் தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பாள்.

"அக்கா, உன் ஆளு ஒருத்தர் வந்திருக்கார். சாப்பாட்டை மூடி வச்சிடவா?"

கிண்டல்தான். நான் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும் என்று.

எல்லோரும் காய்ந்த சதுப்புப் பாசியும், பொரி மாதிரி லேசான வெள்ளைப் பொரிக்கல்லும் கலக்கிறார்கள். கொஞ்ச காலத்தில் பாசி மக்கி, அமுங்கி, வேருக்கு மூச்சு முட்டும். மரப்பட்டை போட்டுப் பார்த்தேன், கரி போட்டுப் பார்த்தேன். எதுவும் சரிவரவில்லை. ஒருநாள் மழைநீர்த் தொட்டியில் ஒரு பழைய பாட்டில் தக்கை மிதந்தது. எத்தனை காலமாகக் கிடந்ததோ, மக்கவுமில்லை, ஊதவுமில்லை. எடுத்து வேகவைத்து, நீரை மாற்றி மறுபடி வேகவைத்து, பயறளவுக்கு நசுக்கிப் பாசியில் கலந்தேன். அடுத்த பருவத்தில் குடுவைகள் முழங்கை நீளத்துக்குத் தொங்கின.

அது என் கண்டுபிடிப்பு. தங்கைக்கு மட்டும் தெரியும். சத்தியமெல்லாம் வாங்கவில்லை. கூடப் பிறந்தவளிடம் என்ன சத்தியம்?

கண்ணாடிக்காரர் என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர் அடிக்கடி வருவார். தடித்த கண்ணாடி, கையில் எப்போதும் சாகக் கிடக்கிற ஒரு செடி. ஆனால் நல்ல கேள்விகள் கேட்பார். பாசி ஏன் அமுங்குகிறது, அமுங்காமலிருக்க என்ன வழி என்று விடாமல் வருவார். ஒரு விஷயம் புரிகிற கணத்தில் மனிதர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்ப்பதற்காகவே கடை நடத்தலாம். அவருக்கு அடிப்படை விஷயங்கள்தான் சொன்னேன்.

பிறகு அவர் எங்கள் தெருமுனையிலேயே கடை திறந்தார். முழங்கை நீளக் குடுவைகள் வாசலில் தொங்கின. ஒரு செடியை வாங்கிவந்து கூடத்து மேசையில் கவிழ்த்தேன். பாசி, பொரிக்கல், தக்கை. வெந்து பழுத்த நிறத்தில், பயறளவு.

என் பழைய சட்டைகளைப் போட்டு வளர்ந்தவள் என் தங்கை. காய்ச்சல் வந்தால் என் கையைத்தான் பிடித்துக்கொண்டு தூங்குவாள். அந்தத் தக்கைத் துண்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது எப்படி அங்க போச்சு?"

பார்த்தாள். சிரித்தாள். "போக்கா. இதப் போய் என்கிட்ட கேக்குறியா? அந்த மனுசன் வந்தப்பெல்லாம் நீயேதான..."

கையைக் காட்டி நிறுத்தினேன். பிடிபட்டவர்கள் பழியை அடுத்தவர் மேல் தள்ளுவது இயல்பு. அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

"சரி, நம்பாட்டிப் போ," என்றாள். "வந்து சாப்பிடு, ஆறுது." அன்றைக்கும் எனக்குப் பரிமாறினாள். அதுதான் என்னை மிகவும் புண்படுத்தியது. துரோகம் செய்த கையில் ஒரு நடுக்கமாவது இருக்க வேண்டாமா?

அவளுக்குக் குளவிக் கொட்டு ஆகாது. சிறுவயதிலேயே ஒருமுறை தொண்டை வீங்கி, நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதிலிருந்து மேசை இழுப்பறையில் ஓர் ஊசிமருந்து எப்போதும் இருக்கும். அது காலாவதியாகாமல் பார்த்து மாற்றுவதும் நான்தான். கூடத்தின் கடைசி மூலையில், பெரிய செடிக்கு மேலே, குளவிகள் கூடு கட்டத் தொடங்கியிருந்தன. வழக்கமாக நான் உடனே எடுத்துவிடுவேன். இந்த முறை எடுக்கவில்லை. இலைக்குப் பின்னால் அது வெளியே தெரியாது.

கூடு நன்றாக வளர்ந்த பிறகு ஒரு காலையில், பெரிய செடிக்குத் தொட்டி மாற்ற வேண்டும், இறக்கிவிடு என்றேன். ஏணியை எடுத்துக்கொண்டு போனாள். நான் இழுப்பறையிலிருந்த ஊசியை எடுத்து என் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பாசி அலச உட்கார்ந்தேன்.

ஏணி சரிந்த சத்தம் கேட்டது. பிறகு இழுப்பறையைத் திறந்து மூடித் திறக்கும் சத்தம். பிறகு "அக்கா" என்றாள். இரண்டாவது முறை கூப்பிட்டபோது குரல் மெலிந்திருந்தது. பாசியைப் பாதி அலசலில் விட்டால் உப்பு தங்கிவிடும். நீர் தெளியும்வரை அலசிவிட்டுத்தான் எழுந்தேன்.

நான் அவளைத் தொடவில்லை. தள்ளவில்லை. ஒரே ஒரு பொருளைச் சேர்க்காமல் விட்டேன். கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் காரணத்தையும் எழுதுங்கள். வீட்டு ரகசியத்தை அவள் வெளியே கொடுத்தாள்.

கண்ணாடிக்காரர் வேறு மாதிரி சொல்கிறார் என்றீர்கள். "அந்தம்மாவேதான் சொன்னாங்க, தக்கையைக் கையில வச்சு நசுக்கியே காட்டினாங்க" என்றாராம். செத்தவளைக் காப்பாற்றப் பார்க்கிறார், பாவம். நல்ல மனிதர்தான்.

இப்போது அந்த ஜன்னல் செடிக்கு வருவோம். இலை ஓரம் பழுத்திருக்கிறது பாருங்கள், உரமண்ணின் வேலை. இன்றைக்கே கவிழ்த்து, வேரை மழைநீரில் அலசுங்கள். பாசி இரண்டு பங்கு, பொரிக்கல் ஒரு பங்கு, தக்கை ஒரு பங்கு. தக்கையை இரண்டு தடவை வேகவைத்து, இதோ, இந்த விரல் நுனி அளவுக்கு நசுக்க வேண்டும். தூளாக்கிவிடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள், சொல்கிறேன். ஆம், காற்றுக்கு இடைவெளி வேண்டும். பார்த்தீர்களா, உங்களுக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிகிறது.

தக்கை விஷயம் மட்டும் உங்களோடு இருக்கட்டும். அவளைத் தவிர வேறு யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.