ஐஸ் பெட்டியின் ஆறு பித்தளை ஸ்க்ரூக்கள்

என் பெயரும் விலாசமும் மேலே எழுதியிருப்பது சரி. வயது ஐம்பத்திரண்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலை, இருபத்தாறு வருஷமாக. என்னை யாரும் கூப்பிட்டனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன். நேற்று நான் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டேன். அதனால் பழைய சாமான் கடைக்காரரை இங்கே ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிட வேண்டும்.

பழைய வீட்டுச் சாமான்கள் சேர்க்கிறது என் வழக்கம். வழக்கம் என்று நான் சொல்கிறேன், என் மனைவி பைத்தியம் என்பாள். கரி இஸ்திரிப் பெட்டி, காப்பிக்கொட்டை அரைக்கும் கைமெஷின், சாவி கொடுக்கும் கடிகாரம் என்று எங்கள் ஹாலில் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். வாங்கிய எதையும் நான் தேய்த்துப் பளபளப்பாக்க மாட்டேன், ஆணி மாற்ற மாட்டேன். செய்தவன் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூவின் தலை நசுங்கியிருந்தாலும், என்னைப் போல் பழசு சேர்க்கிற எங்கள் ஆட்கள் உதட்டைப் பிதுக்கிவிடுவார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஒரு ஐஸ் பெட்டி வாங்கினேன். கரண்ட் வராத காலத்தில் ஹோட்டல்களில் வைத்திருந்தது. என் நெஞ்சு உயரம். மேலறையில் ஐஸ் பாளம், கீழறையில் பால், கறி. நடுத்தட்டு கழற்றி மாட்டுகிற மாதிரி, அது தனியாகத்தான் வந்தது. உள்ளே முழுக்கத் தகடு அடித்து, கதவைச் சுற்றி ரப்பர் வைத்தது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், காற்றுப் போகாது. இறக்கிவைக்கும்போதே கடைக்காரர், "கைப்பிடிக்குள்ள ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு சார். சாத்துனா திறக்காது. இந்தத் துணியை மட்டும் எடுத்துடாதீங்க" என்று கதவிடுக்கில் ஒரு துணியைச் சுருட்டித் திணித்துவிட்டுத்தான் போனார். அவர் எச்சரித்ததை நேற்று நான் மறைத்துவிட்டேன், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வீட்டுக்கு வந்தான். ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். பருத்த ஆள், வீசிங் உண்டு. அவன் வந்தால் வீடே கலகலவென்று இருக்கும். நான் எங்கள் குழுவுக்கு அனுப்பப் பெட்டியைப் படம் எடுக்க நினைத்தேன். துணி தெரிந்தால் படம் அசிங்கமாக இருக்குமென்று அதை உருவினேன். யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு செல்போனை எடுக்க உள்ளறைக்குப் போனேன். "அக்கா, வெயிலுக்கு இதாண்டி இடம். மாமாகிட்ட சொல்லி எனக்கு வாடகைக்கு விடச் சொல்லு" என்று அவன் சொன்னதும், மனைவி சிரித்ததும், பெட்டிக்குள் தகடு அவன் பாரத்தில் முனகியதும், அதன் பிறகு 'க்ளக்' என்று ஒரு சத்தமும் கேட்டது. அது என்ன சத்தம் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் ஓடிவந்து கைப்பிடியைத் திருகினேன். அது சும்மா சுற்றியது. உள்ளே அவன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். மனைவி, "டேய், போதும் வாடா, டீ ஆறுது" என்றாள். அதன் பிறகு பாட்டு நின்று, "மாமா, விளையாடாதீங்க, திறங்க" என்றான். அதன் பிறகு தட்ட ஆரம்பித்தான்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "கீலைக் கழட்டுங்க சார், இல்லேன்னா உடைச்சுடுங்க, யோசிக்காதீங்க" என்றார். அதையும் நேற்று நான் சொல்லவில்லை.

கதவின் கீல் இரண்டும் வெளிப்பக்கம் இருக்கின்றன. ஒன்றுக்கு மூன்றாக ஆறு பித்தளை ஸ்க்ரூ, எல்லாம் ஒரிஜினல். என் வேலையே ஸ்க்ரூ கழற்றுவதுதான். வீட்டில் எல்லா அளவிலும் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் இறுகிப்போன பித்தளை, திருகினால் தலை பிய்ந்துவிடும். அதனால் ஒரு கம்பியை வளைத்து ரப்பர் வழியாக விட்டுக் கொண்டியை நெம்பிப் பார்த்தேன். வரவில்லை. வேறு கம்பி எடுத்தேன். மனைவி, "என்னங்க, உடைங்க" என்றாள். "ரெண்டே நிமிஷம், வந்துடும்" என்றேன். எத்தனை முறை அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். நான்கு முறை. தயவுசெய்து குறுக்கே கேட்காதீர்கள், விட்டால் மறுபடி விழுங்கிவிடுவேன்.

அதன் பிறகு தட்டும் சத்தம் மெதுவாகி, நகத்தால் சுரண்டுகிற மாதிரி கேட்டது. மனைவி எதிர்வீட்டுப் பிளம்பரைக் கூட்டிவந்தாள். அவர் கடப்பாரையோடு வந்தார், மனைவி வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவர் கையைப் பிடித்தேன். ஆமாம், பிடித்தேன். "ஓரத்துல வேணாம், மரம் பிளந்துடும்" என்றேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு இரண்டே குத்தில் கதவைப் பெயர்த்தார். மச்சினன் முழங்காலில் தலை கவிழ்ந்து, உதடு நீலமாக, மூச்சுப் பேச்சில்லாமல் இருந்தான். சாத்தியதிலிருந்து அதுவரை இருபத்தைந்து நிமிஷம்.

நேற்று, "வேறு வழியில்லை என்று தெரிந்த உடனே உடைத்தோம்" என்று எழுதிக் கொடுத்தேன். என் மனைவியும் அப்படியே சொன்னாள். கீலையும் ஸ்க்ரூவையும் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னால் முடிந்ததை எல்லாம் செய்தேன் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் மச்சினன் கண் விழித்தான். வலது கை அசையவில்லை. நாளை மறுநாள் வரை எதையும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். என்னைப் பார்த்ததும் ஆக்சிஜன் முகமூடியை இடது கையால் விலக்கி, "மாமா... பொட்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

இதை எழுத்தர் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அத்தனையும் உண்மை. என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கடைக்காரருக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டதும் அவளை உள்ளே கூப்பிட்டு இதை ஒருமுறை படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

(ஒப்பம்)