காமாலை தீர்த்த கரங்களுக்குக் கலங்கிய கண்களோடு

அம்பத்தூர் நல்வழி மருத்துவமனையில் முப்பத்தோர் ஆண்டுகள் அருந்தொண்டாற்றி, தலைமை அறுவை மருத்துவராய் உயர்ந்து, இன்று பணி ஓய்வு பெறும் டாக்டர் தெரசா ஜேசுராஜ் அம்மையாருக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் உருகி வாசித்தளிக்கும் மடல்.

பித்தப்பைக் கற்களைப் பிரித்தெடுத்த பெருமாட்டியே! மஞ்சள் பூத்த முகங்களை மலர வைத்த மருத்துவ மாமணியே! கண்டிப்பும் கனிவும் கலந்த எங்கள் கைராசி அம்மா!

தாங்கள் இங்கே பணியேற்ற காலத்தை எண்ணிப் பார்க்கிறோம். தொழிற்பேட்டை ஆலைகளின் சங்கொலி கேட்டே வார்டில் ஷிஃப்ட் மாறிய காலம் அது. ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் நோயாளியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாசலைப் பார்த்தபடி காத்திருந்த காலம். மழை கொட்டினால் வெளிநோயாளர் பிரிவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்று தாங்கள் நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பீர்கள். இன்று மாடிக்கு மாடி குளிரூட்டிய அறைகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்தப் பழைய ஓட்டுக் கட்டடத்தை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது, அம்மா.

காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் குடித்து, உப்பில்லாப் பத்தியம் இருந்து, கடைசியில் எலும்பும் தோலுமாய் வந்து நிற்பவர்களைத் தாங்கள் ஒருநாளும் ஏசியதில்லை. டியூப்லைட்டை நம்பாமல் ஜன்னலோரம் அழைத்துப்போய், பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பீர்கள். "இது தானா ஆறுற காமாலை இல்லப்பா. பித்தப்பையிலேர்ந்து ஒரு கல்லு எறங்கி வந்து குழாயை அடைச்சிருக்கு" என்று பொறுமையாகச் சொல்வீர்கள்.

பக்கத்து ஊரான பாடியிலிருந்து காமாலையோடு வந்த லேத் பட்டறை அழகேசன் அன்று போட்ட சத்தத்தை யார் மறப்பார்? "கல்லு கீதுன்றீங்க. அறுத்து எடுத்துப் போட்டுட்டு அனுப்புங்க டாக்டரம்மா. நான் வேலைக்குப் போவலன்னா ஊடு எப்டி நடக்கும்?" தாங்களோ அசையவில்லை. "மொதல்ல அடைப்பு நீங்கி பித்தம் வழியட்டும். ஒடம்பு ஆறட்டும். அப்புறம்தான் கத்தி" என்றீர்கள். முறைத்துக்கொண்டே காத்திருந்த மனிதர் முழுதாய்க் குணமடைந்து போனார். இதோ, மூன்றாம் வரிசையில் மனைவியோடு அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் காத்திருக்க வேண்டும் என்பதை ஆய்வகத் தலைவர் தட்சிணாமூர்த்தியும் தாங்களும் ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தீர்கள். பித்தம் வடிவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் எவ்வளவு என்பதே அந்த ஆராய்ச்சி. அந்தச் சொல்லைக் கேட்டு நாங்கள் பேந்தப் பேந்த விழித்தபோது, கேன்டீனில் யுவராணி அக்கா நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயைக் காட்டினீர்கள். "தண்ணியில போடாம வெச்சா கறுத்துப்போகுது இல்ல? காத்துல இருக்கிற ஆக்சிஜன் பண்ற வேலை. பித்தம் தேங்கினா கல்லீரலுக்குள்ளேயும் இந்த மாதிரி ஒரு கெடுதல் நடக்குது. அடைப்பை எடுத்தா மெல்ல அடங்கும்" என்றீர்கள். "நல்லா சொன்னீங்க போங்க! இனிமே என் பொரியலை எவன் துன்னுவான்?" என்று அக்கா பொங்கினார். அந்த வாரம் முழுக்கக் கத்தரிக்காய் மீந்து போயிற்று.

ஊரார் கண்ணையெல்லாம் பார்த்த தங்கள் கண்ணைப் பார்க்க ஆளில்லாமல் போயிற்றே! இவ்வாண்டு ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் தாங்கள் மெலிந்தபோது, ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருக்கிறேன் என்று சொல்லி எங்கள் வாயை அடைத்தீர்கள். ஒருநாள் குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே அறுவை அரங்குக்குக் கிளம்பினீர்கள். தலைமைச் செவிலியர் ஆக்னஸ் தங்களை ஜன்னலோரம் இழுத்துப்போய்ப் பார்த்து, "ஐயோ, மஞ்சளா இருக்கே!" என்று அலறிய அலறல் இன்னும் காதில் நிற்கிறது. தங்கள் பித்தக் குழாயிலும் கல்! கிருமி தொற்றிச் சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் கிருபாகரன் வாய்வழியே கருவி செலுத்திக் கல்லை எடுத்து, பித்தம் வடியச் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தினார். அன்று எங்களில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

பிழைத்தீர்கள். ஆனால் பித்தப்பையில் மற்ற கற்கள் அப்படியே இருக்கின்றன. அந்தப் பையை எடுத்தால்தான் ஆபத்து நீங்கும். நாள் குறித்தோம், "ஒடம்பு ஆறட்டும்" என்றீர்கள். மறுபடி குறித்தோம்; "வார்டுல ஆள் இல்லை" என்றீர்கள். மறுபடியும் குறித்தோம், "ஃபங்ஷன் முடியட்டும்" என்றீர்கள். நோயாளிகளுக்குச் சொன்ன நல்வார்த்தையையே எங்களை ஏய்க்கும் சாக்காக மாற்றிய சாமர்த்தியசாலியே! சென்ற வாரம் தட்சிணாமூர்த்தி தங்கள் ரத்தத்தைச் சோதித்தார். மஞ்சள் இறங்கிவிட்டது, அந்த ஆக்சிஜனேற்ற அழுத்தமும் அடங்கிவிட்டது. உடம்பு ஆறியாயிற்று, அம்மா. இனி என்ன சாக்கு?

முன்வரிசையில் வீற்றிருக்கும் ஜேசுராஜ் ஐயா! "டாக்டருங்க இன்னும் நாள் சொல்லலை" என்று தங்கள் துணைவியார் வீட்டில் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டோம். சொன்னோம் ஐயா, தலைபாடாக அடித்துக்கொண்டு சொன்னோம்! நோயாளியின் செய்தியை மேடையில் உடைக்கலாமா என்று ஆக்னஸ் தடுத்துப் பார்த்தார், நாங்கள் கேட்கவில்லை. இன்று வீட்டில் நடக்கப்போகும் பூகம்பத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

விளையாட்டுப் போகட்டும், அம்மா. இன்னொரு கல் இறங்கி, இன்னொரு காய்ச்சல் வந்தால், தங்களை இழந்துவிடுவோமோ என்று எங்களுக்குப் பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பொன்னாடை போர்த்தி, பல்லாண்டு வாழ்க என்று வாய் நிறைய வாழ்த்த எங்களால் முடியவில்லை. இன்று மாலை ஐந்து மணி வரை தாங்கள் எங்கள் தலைமை மருத்துவர்; தாங்கள் வைத்ததே சட்டம். அதன் பிறகு தாங்கள் எங்கள் நோயாளி; நாங்கள் வைத்ததே சட்டம்.

கீழே விருந்து தயார். எண்ணெய் படாத தட்டு ஒன்று தங்களுக்கெனத் தனியே இருக்கிறது. படுக்கையும் தயார், அறுவை செய்யக் கிருபாகரனும், கையைப் பிடித்துக்கொள்ள ஆக்னஸும் தயார். தாங்கள் குணமாகி வீடு திரும்பும் நாளில் வாழ்த்தைச் சொல்கிறோம். திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றோடு வந்து சேருங்கள்.

இங்ஙனம்,
தங்களைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பக் காத்திருக்கும்
நல்வழி மருத்துவமனை ஊழியர்கள்,
அம்பத்தூர்.