பத்து மீட்டர்

உட்காருங்கள் ஐயா, அந்த நாற்காலியில் ஊசி எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன். தையற்காரி வீட்டில் எல்லோரும் கொஞ்சம் தயங்கித்தான் உட்காருவார்கள்.

என் கணவரைக் காணவில்லை என்று நேற்று நான்தான் புகார் கொடுத்தேன். அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் நாலு வருடம் தேறும். வருவார், தூங்குவார், துவைத்த துணி காய்ந்ததும் கிளம்பிவிடுவார். போன வருடம் பக்கவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் வீட்டோடு இருந்தார். ஒருநாள் நான் தைப்பதைப் பார்த்து, "இது யாரோட சட்டை?" என்று கேட்டார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இயன்முறை மருத்துவர் வந்து, சமையலறைச் சுவரிலிருந்து வாசலை நோக்கிப் பத்து மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சிவப்பு டேப் ஒட்டினார். "இதைப் பத்து விநாடிக்குள்ள நடந்துட்டா வேலைக்குப் போகலாம்னு எழுதித் தர்றேன். வாராவாரம் நேரத்தைப் போன்ல சொல்லுங்க" என்றார். முதல் நாள் இவருக்கு இருபத்து நாலு விநாடி ஆனது. அலுவலகம் ஆறு மாதம் அவகாசம் கொடுத்திருந்தது. அதற்குள் சேராவிட்டால் வேலை போய்விடும். இவருக்கோ வேலைதான் உயிர்.

இரண்டாம் வாரமே இருபத்திரண்டு விநாடிக்கு வந்துவிட்டார். அன்று அவர் குளிக்கப் போனபோது வாசல் பக்கத்து டேப்பை இரண்டு முழம் தள்ளி ஒட்டினேன். வளரும் பிள்ளைக்குத் துணியைக் கொஞ்சம் விட்டுத் தைப்போம் இல்லையா, அந்த மாதிரிதான்.

மூன்றாம் மாதம் டேப் வாசலைத் தாண்டி மாடி நடைபாதைக்குப் போய்விட்டது. பிறகு எதிர்வீட்டு ஆசிரியையின் செருப்பு அலமாரியையும் தாண்டியது. இவர் ஒருநாள் நின்று யோசித்தார்.

"ஏம்மா, பத்து மீட்டர் வீட்டுக்குள்ளதானே இருந்துச்சு?"

"மூளையில அடி வாங்கினவங்களுக்குத் தூரம் சரியாத் தெரியாதாம்ங்க. டாக்டர் சொன்னார்."

"அப்படியா? உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன் பாரு."

டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிற மனிதர் அவர்.

கால்சட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். திரைச்சீலை பறக்காமல் இருக்க விளிம்பில் ஈயக் குண்டு வைத்துத் தைப்போம். அதை அவருடைய இடது கால் விளிம்பில் வைத்துத் தைத்தேன். முதலில் நாலு, பிறகு பதினொன்று. அதனால் கால் இன்னும் பலப்பட்டுவிட்டது, டேப்பை இன்னும் வேகமாகத் தள்ளவேண்டி வந்தது. எனக்குத்தான் வேலை கூடியது.

ஆறு மாதம் முடிந்ததும் வேலை போன கடிதம் வந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவருடைய கருப்புக் கோட்டைப் பிரித்து என் தையல் இயந்திரத்துக்கு உறை தைத்தேன். நல்ல துணி, வீணாகக் கூடாது.

எங்கே பிசகினேன் என்றால், என் தொழில் சுத்தத்தில்தான். முப்பது வாரமும் இருபத்து நாலு விநாடியே வரும்படி டேப்பைக் கச்சிதமாக வைத்தேன், அதையே போனிலும் சொன்னேன். போன வாரம் மருத்துவர் நேரில் வந்து நின்றார்.

"நோயாளின்னா ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். இப்படி இம்மி பிசகாம நிக்கிறவரை நான் பார்த்ததே இல்ல" என்றபடி தன் அளவு நாடாவைப் பிரித்தார். என் பத்து மீட்டர் முப்பத்தொரு மீட்டர் இருந்தது. புதிதாகப் பத்து மீட்டர் அளந்து இவரை நடக்கச் சொன்னார். எட்டு விநாடி.

இவர் குனிந்து கால்சட்டை விளிம்பைத் தடவிப் பார்த்தார். உள்ளே குண்டுகள் உருண்டன.

"இதுவும் நீதானா?"

"ஏன், தையல் விட்டுப்போச்சா?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். ஆறு நாள் ஆகிறது.

ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் ஆள் போட்டுத் தேடுவதாகச் சொன்னீர்கள். அவ்வளவு தூரம் எதற்கு ஐயா அலைகிறீர்கள்? இந்த மாடியிலேயே நாலு வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். பத்து மீட்டர்கூட ஒழுங்காக நடக்க வராத மனிதர், பாவம், என்னை விட்டு எங்கே போய்விடப் போகிறார்?