மீதி மந்திரம் வண்டியில்

மாலை ஆறு மணி. டிசம்பரில், சைபீரியாவின் தெற்கே எங்கள் தூவாவில் அதற்குள் கும்மிருட்டு. எர்சின் ஊருக்குப் போகிற சாலை. முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... என் சிநேகிதன் ஆர்லானுடைய மாமா கெரெலுக்கு நடந்தது இது. நெருங்கி உட்காருங்கள்.

கெரெலின் அக்கா புருஷன் தெமிர் செத்து அன்று நாற்பத்தொன்பதாம் நாள். ஊருக்கு வெளியே வெட்டவெளியில், ஆவிகளோடு பேசும் ஷாமன் நெருப்பு மூட்டி, செத்தவன் பேச்சைக் கேட்டுச் சொல்லி, கடைசியில் வழிகாட்டி அனுப்ப வேண்டும். அன்று போகாதவன் அப்புறம் போகமாட்டான். அக்கா சோதுரா ஏழு வாரமாகத் தூங்கவில்லை. "அவர் வீட்டைச் சுத்திக்கிட்டே இருக்காருடா. எப்படியாவது அனுப்பி வெச்சிடு" என்று அழுதிருந்தாள்.

வந்த ஷாமன் ஓமாக் பெரிய ஆள். ஆறு நாட்டு ஷாமன்கள் கூடிய மாநாட்டில் 'ஷாமன் என்பவர் யார்' என்று நாற்பது நிமிடம் பேசியவர். லேமினேட் செய்த அடையாள அட்டை கழுத்தில் ஆடும். அன்றைக்கு அது அவருக்கு மூன்றாவது சாவுச் சடங்கு. செத்த மூன்று பேருமே அவர் வாயால், குடிக்காதீர்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றுதான் சொன்னார்கள்.

நெருப்பில் படைத்த ஆட்டுக்கொழுப்பு கருகும் வாடை. உறவினர்கள் திரும்பிப் பார்க்காமல் கிளம்பினார்கள். அக்காவும் விருந்து வைக்க முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது வழியனுப்புதல்தான்.

ஓமாக் மேளத்தைக் கக்கத்தில் இடுக்கினார். "கை விறைச்சுப் போச்சு தம்பி. மீதியை வண்டியில சொல்லிக்கிறேன்."

"சொல்லலாமா ஐயா?"

"மாநாட்டுக்குப் போனது நீயா, நானா?"

காலையிலிருந்து ஸ்டியரிங் பிடித்த கைக்கு வாதாடத் தெம்பில்லை. கெரெல் வண்டியை எடுத்தான்.

ஓமாக் முன் இருக்கையில் கண்ணை மூடியபடி முணுமுணுத்தார். "தெமிர்... இதுதான் உன் வழி... இப்படியே நேரா போ... எங்கயும் நிக்காதே..." டம்... டம்... பிறகு குறட்டை.

பாதி தூரம் போன பிறகுதான் கெரெலுக்கு உறைத்தது. வண்டி போய்க்கொண்டிருந்தது அக்கா வீட்டுக்கு.

"ஐயா... ஐயா, எந்திரிங்க!"

குறட்டைதான். வண்டியைத் திருப்பலாம் என்று பிரேக்கை மிதித்தான். மிதி இறங்கியது. வண்டி நிற்கவில்லை. பின் இருக்கை ஸ்பிரிங் ஒருமுறை கிறீச்சிட்டது... ஆள் வசதியாகச் சாய்ந்து உட்காரும் சத்தம்.

அக்கா வீட்டு வாசலில் வண்டி தானாக நின்றது. வண்டியின் பின் கதவு திறந்தது. மூடியது.

சோதுரா வாசலில் விளக்கோடு நின்றாள். கெரெல் இன்னும் வண்டிக்குள்தான் இருந்தான்.

"பூட்ஸை உதறிட்டு உள்ள வாங்க," என்றாள் அவள், களைத்த குரலில். "எத்தனை தடவ சொல்றது?"

வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தொப், தொப் என்று இரண்டு பூட்ஸ் விழுந்தன.