ஒரு இழை பச்சை

— பிரிச்சிடுன்னா பிரிச்சிடு. எதிர்ப்பேச்சு வேண்டாம்.

— மேடம், நாலு மாச வேலை. உங்க வீட்டுக்காரர் கன்னத்துக்கு மட்டும் ஒம்பது ஷேடு நூல் ஏத்தி இறக்கித் தச்சிருக்கேன். எதைப் பிரிக்கணும்னு சொல்லாம தலையுமில்லாம வாலுமில்லாம பேசினா?

— கண்ணை. இந்த வலது கண்ணை.

— அதுல என்ன குறை கண்டீங்க?

— பழுப்புக்குள்ள பச்சை ஓடுதே, அது போதாதா?

— அது கலப்புங்க. ஊசியில ரெண்டு இழை பழுப்பு, ஒரு இழை பச்சை சேத்துக் கோத்து, ஓரத்துல நாலே நாலு தையல். வெறும் பழுப்பா விட்டா பொம்மைக் கண்ணு மாதிரி வெறிச்சுக் கிடக்கும்.

— எனக்கே பாடம் எடுக்கிறியா? அந்தப் பச்சை அவருக்கு இடது கண்ணுல. முப்பத்தோரு வருஷம் அந்த முகத்துலதான் முழிச்சேன். செத்தப்புறம் யாரோ ஒருத்தி வந்து அதை மாத்தி வைப்பாளா?

— சரி, தப்புதான். பக்கம் மாத்தித் தச்சுத் தரேன். கொண்டாங்க.

— இரு, இரு. நான் குடுத்தது கறுப்பு வெள்ளை போட்டோ. அதுல உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு பச்சை?

— ஏதோ தோணிச்சு, வச்சேன்.

— கதை விடாத. வாசப்படி தாண்டினா கூலிங் கிளாஸ் இல்லாம போகமாட்டார் மனுஷன். அதைப் பாக்கணும்னா பக்கத்துல போயிருக்கணும். ரொம்பப் பக்கத்துல.

— மேடம், வார்த்தைய அளந்து பேசுங்க.

— உன்கிட்ட என்ன அளவு வேண்டிக் கிடக்கு? வயசு என்ன உனக்கு?

— இருபத்தாறு.

— த்தூ. அப்பன் வயசு அவருக்கு.

— அவரை ஒரு தடவைகூட நேர்ல பாத்ததில்ல நான்.

— பாக்காமத்தான் இந்தக் கடையில எல்லாரும் மனுஷ முகம் வேண்டாம்னு ஒதுங்கினப்ப, நீ மட்டும் ஓடி வந்து போட்டோவை என் கையிலேர்ந்து பிடுங்கினியா?

— நாலு மாசம் அந்த முகத்தோட உக்காந்திருக்கலாம்னு ஆசப்பட்டேன். இதுக்குமேல கேக்காதீங்க.

— ஏன் கேக்கக்கூடாது? எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நான் பொத்தி வச்சிருந்தது அது ஒண்ணுதான். அதையும் பங்கு போட்டுட்டு, பேச்சையும் நிறுத்தச் சொல்றியா? இன்னிக்கே உன் முதலாளிகிட்டச் சொல்லி உன்னை வெளிய தள்ளுறேன். அதுக்கு முன்னால வாயத் திற. யார் சொன்னா உனக்கு அந்தப் பச்சையப் பத்தி?

— எங்கம்மா.

— அவளுக்கு எப்படித் தெரியும்?

— அவருக்கும் என்னை மாதிரியே ஒரு கண்ணுல பச்சை உண்டுன்னு சொன்னாங்க. எந்தக் கண்ணுன்னு சொல்லாமயே போயிட்டாங்க. அதான் முகம் பாக்கிற கண்ணாடிய எதிர்ல நிறுத்தி வச்சு, என் கண்ணைப் பாத்து அப்படியே தச்சேன். கண்ணாடியில பக்கம் மாறித் தெரியும்ல, அது அப்ப எனக்கு உறைக்கலைங்க.