ஓடைக்கு மேற்கே ரெண்டு பேர்

“ஹலோ... ஹலோ... ஏங்க, கேக்குதா?... ராஜபாளையம் தாலுகா ஆபீஸ்லருந்து பேசுதேன்... ஆமா ஆமா, ஒங்க பொண்டாட்டிதான். ஆபீஸ் போன்லருந்து ஒங்களை வேற யாரு கூப்பிடப் போறா?... வீட்டு விசயமெல்லாம் இல்ல. கவர்மெண்டு வேலையாத்தான் கூப்பிடுதேன்.”

மாரிக்கனிக்கு அன்று வெள்ள அவசர அறையில் போன் டூட்டி. தேவதானத்துக்கு மேற்கே, ஓடைக்கும் மலைக்கும் நடுவில் பள்ளத்தில் தோப்பு வைத்திருப்பவர்களை எல்லாம் கிழக்குக் கரைக்கு வரவழைத்தாக வேண்டும். கிராம உதவியாளர் ஆண்டிச்சாமி மத்தியானம் ரெண்டரை மணிக்கு அனுப்பிய தகவல்படி முப்பத்தோரு பேர் கரையேறிவிட்டார்கள். வராதவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாரிக்கனியின் புருஷன் ஜெயபாண்டி. மற்றவர் ஜெயபாண்டியின் சித்தப்பா மகன் ராக்கப்பன். தாசில்தார் அந்த ரெண்டு பேரையும் வாசித்ததும் அறையில் இருந்த அத்தனை பேரும் இவளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போயிற்று.

“எங்க நிக்கிய?... தோப்புலதான், அது தெரியுது. தோப்புல என்ன செய்யுதிய?... தண்ணி பாய்ச்சுதியளா! அட ஆண்டவனே... ரெட் அலர்ட்டு விட்டுருக்குங்க. ஊரே மிதக்கப் போகுதுன்னு நாங்க தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கோம், நீங்க தென்னைக்குத் தண்ணி பாய்ச்சுதிய. ஒரு நாள் பொறுக்காதாமா ஒங்க தென்னை?... என்ன?... முறையா?... ஆமா ஆமா, நாலு மணி வரைக்கும் ஒங்க முறைதான். இல்லைன்னு யாரு சொன்னா?”

கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, பங்காளிகள் இரண்டு. மூன்று நாள் இவருக்குத் தண்ணீர், மூன்று நாள் அவருக்கு. இன்று நாலு மணிக்கு முறை மாறுகிறது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ராக்கப்பன் முறையில் மோட்டார் அரைமணி நேரம் கூடுதலாக ஓடிவிட்டது. அன்றைக்கு நின்ற பேச்சு இன்றுவரை நின்றபடியே இருக்கிறது.

“காலைல போன் சைரன் மாதிரி கத்துச்சே, வாசிச்சியளா?... அமத்திட்டியளா. கண்ணாடி கொண்டு போகலையா. சரி, நான் வாசிக்கேன், கேளுங்க. ‘மலையடிவாரப் பகுதிகளில் அதி கனமழைக்கு வாய்ப்புள்ளது. ஓடைகளில் திடீர் வெள்ளப்பெருக்கு ஏற்படக்கூடும்...’ கொட்டாவி விடாதிய, இங்க வரைக்கும் கேக்குது... வெயிலா? அங்க வெயில் அடிச்சா என்ன, மலையைப் பாத்தியளா?... கறுப்பாத்தான இருக்கு. மேல மூணு மணி நேரத்துல பதினாலு சென்டிமீட்டர் பெஞ்சிருக்கு. அந்தத் தண்ணி மலையிலயே குடியிருக்குமா? எறங்கித்தான வரணும்... போன ஐப்பசியிலயும் ரெட் அலர்ட்டு விட்டாங்க, ஒரு சொட்டு விழல. ஆமா, ஒத்துக்கிடுதேன். அன்னிக்கு வானம் ஏமாத்திருச்சு. அதுக்காக வானத்துகூடயும் ரோசம் பாராட்டப் போறியளா? பங்காளிகூட பாராட்டுதது பத்தலையா?”

பக்கத்து மேசை ஏசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாரிக்கனி அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

“என்னது?... ஒங்க தம்பி போனா நீங்களும் போவியளாக்கும். அவிய ஏன் போகலயாம்?... நீங்க நிக்கிறதுனாலயா! நல்லா இருக்குங்க நியாயம். நீங்க போயிட்டா அவிய இப்பவே மோட்டாரைத் திருப்பிக்கிடுவாவ. அவிய போயிட்டா நீங்க நாலு மணிக்கு மேலயும் ஓட்டுவிய. அதுனால ஒருத்தரை ஒருத்தர் காவல் காத்துக்கிட்டு நிக்கிய. நீங்களாச்சும் இருவத்திரெண்டு வருசம் எல்லையில நின்னு பழகுன ஆளு. அவிய எந்தப் பட்டாளம்?... கோவப்படாதிய. கார்த்திகா ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து மூணு தடவ கூப்பிட்டுட்டா, அப்பா போனை எடுக்கலன்னு அழுதா... ஆமா, அழுதா. பெத்த பிள்ளை அழுதாலும் முறைதான் பெருசாக்கும்.”

அறையில் இன்னொரு போன் அடித்தது. ஏசம்மாள் எடுத்துக் கேட்டாள். சிரிப்பு போய்விட்டது. ஒரு துண்டுத்தாளில் எழுதி மாரிக்கனி முன்னால் வைத்தாள். மேல் தடுப்பணையைத் தாண்டித் தண்ணீர் இறங்கிவிட்டதாம். தோப்புப் பக்கம் வர இருபது நிமிஷம்தான் ஆகும்.

மாரிக்கனி அதை ரெண்டு தரம் வாசித்தாள். நடுங்கின குரலில் சொன்னால் அந்த மனிதர் இன்னும் வீம்பு பிடிப்பார். அது இருபத்தாறு வருஷ அனுபவம். குரலை அதே இளக்காரத்தில் வைத்துக்கொண்டாள்.

“ஏங்க, போனை ஸ்பீக்கர்ல போடுங்க... போடுங்க சொல்லுதேன். கொழுந்தனாரே! மதினி பேசுதேன்... எங்க உக்காந்துருக்கிய?... புளியமரத்தடியிலயா? மொதல்ல எந்திரிங்க, மின்னலுக்கு மரத்தடி ஆகாது... ஆங், நல்லா இருக்கேன், நலம் விசாரிக்கிறதைப் பொறவு வச்சுக்கிடுங்க. ரெண்டு பேரும் கேளுங்க. மேல தடுப்பணையைத் தாண்டி தண்ணி எறங்கிருச்சு. இருவது நிமிசந்தான். நீங்க நிக்கிறது பள்ளம். அங்கயே நின்னா தென்னையிலதான் ஏறணும், ரெண்டு பேருக்கும் அந்த வயசும் போயிருச்சு. இனி இன்னிக்கு முறை ஒங்களுக்கும் இல்ல, அவியளுக்கும் இல்ல. ஓடைக்குத்தான் முறை.”

“என்ன?... ஒருத்தரை நம்பி ஒருத்தர் எப்படிப் போறதுங்கியளா?... யாரும் யாரையும் நம்ப வேண்டாம், சாமி. நான் ஒரு வழி சொல்லுதேன். மோட்டார் ரூமுக்குப் போங்க... போயாச்சா? மெயினை எறக்குங்க... எறக்கியாச்சா? ப்யூஸ் கட்டை மூணு இருக்கும். அண்ணன் ஒண்ண உருவுங்க, தம்பி ஒண்ண உருவுங்க. ஆளுக்கு ஒண்ண மடியில கட்டிக்கிடுங்க. கட்டை இல்லாம மோட்டாரு ஓடாதுல்ல?... ஓடாது. அப்பொறம் என்ன? யாரும் யாரையும் ஏமாத்த முடியாது... என்ன?... யாரு மொதல்ல உருவணுமா? ஒரே நேரத்துல உருவுங்கய்யா!”

தாசில்தார்கூடச் சிரித்துவிட்டார். மாரிக்கனி மட்டும் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நடங்க... பேசிக்கிட்டே நடங்க... ஓடைக்கு வந்தாச்சா? தண்ணி எம்புட்டு?... கணுக்கால்தானா. நெறம்?... என்ன நெறம்னு பாத்துச் சொல்லுங்க... செந்தண்ணியா? சருகு வருதா?... சருகும் குச்சியுமா மெதந்து வருதா?”

மாரிக்கனி எழுந்து நின்றுவிட்டாள். வெள்ளம் வருவதற்குச் சற்று முன்னால் மலைச்சருகு வரும். அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதை எந்த எச்சரிக்கையும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

“எறங்குங்க. இப்பவே எறங்குங்க, நிக்காதிய. செத்த நேரம் போனா காலு ஊன முடியாது. ஏங்க, அவிய முட்டியில தகடு வச்சிருக்கு, விழுந்தா எந்திரிக்க முடியாது. கையப் பிடிங்க... பேச வேண்டாங்க, பேசாமலே பிடிங்க. கைக்கு என்ன வாயா இருக்கு?... ஹலோ?... ஏங்க?... ஏங்க!”

இணைப்பு இருந்தது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டிருக்க வேண்டும், துணி உரசியது. பிறகு ஓர் இரைச்சல். அதற்குள்ளே கல் உருளும் சத்தம். யாரோ கத்தினார்கள். அவர் குரலா, ராக்கப்பன் குரலா என்று தெரியவில்லை. மாரிக்கனி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காலையில் அவர் சைக்கிளை எடுத்தபோது முறையைப் பற்றியே சண்டை போட்டோமே, ஒரு வாய் காப்பி குடிக்கச் சொல்லவில்லையே என்று நினைத்தாள். ஏசம்மாள் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஹலோ... ஆ... கேக்குது, கேக்குதுங்க... ரெண்டு பேருமா?... ரெண்டு பேரும் கரையேறியாச்சா? ஆண்டிச்சாமி பக்கத்துல இருக்காரா?... அப்பாடி... இல்ல, அழல. நான் எதுக்கு அழப் போறேன், ஜலதோசம்... தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துருச்சா... அவிய வழுக்கிட்டாவளா... பொறவு?... கட்டையை மடியில கட்டச் சொன்னேன்ல, கையிலயா வச்சிருந்திய? ஒரு கையில கம்பு, ஒரு கையில கட்டை... ஓடையில விட்டுட்டியளா?... அவியளைப் பிடிக்கக் கை வேணும்னு விட்டுட்டிய.”

இந்த மனிதரை அவளுக்கு ரொம்பப் பிடித்தது. அதைச் சொல்ல இது இடமில்லை.

“ரெண்டு வருசமா அரைமணி நேரத்தை விட மாட்டேன்னு நின்னிய. இப்பக் கட்டையையே விட்டுட்டிய. என்னங்க ஆச்சு ஒங்களுக்கு?... அவிய கட்டை அவிய மடியில பத்திரமா இருக்கா? இருக்கும், இருக்கும். கெட்டிக்காரரு... என்ன கேக்கிய?... ஒங்க முறையில பாக்கி ஒண்ணேகால் மணி நேரமா? அது எந்த நாளுல சேருமா? என்கிட்ட எதுக்குக் கேக்கிய, அங்கதான நிக்காவ. அவியகிட்ட கேளுங்க.”

அவர் கேட்டுவிட்டார். அடுத்த நொடி இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன. ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு, அரைமணி, ஒண்ணேகால் மணி, போன வருஷம், முந்தின வருஷம் என்று ஓடை இரைச்சலுக்கும் மேலே ஏறின. ரெண்டு வருஷத்துப் பேச்சு அல்லவா.

“ஏங்க... ஹலோ... கொழுந்தனாரே... கேக்கியளா?”

ஒருவரும் கேட்கவில்லை. மாரிக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு கையால் பதிவேட்டை இழுத்து, ‘ஓடைக்கு மேற்கே: ஒருவரும் இல்லை’ என்று எழுதினாள்.

“நல்லாப் போடுங்க சண்டை,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.